ஓஎல்இடி கைபேசித் திரையில் நிழல் படியுமா? கேள்விகளும் பதில்களும்

கைபேசித் திரைகளைப் பழுது பார்ப்பதும் மாற்றுவதும் என் தொழில். பர்ன்-இன் என்று சொல்லப்படும் நிழல் படிதல் இன்றைய ஓஎல்இடி கைபேசிகளிலும் ஏற்படுமா என்று பலர் கேட்டு எழுதியிருந்தார்கள். அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு விடையளிக்கிறேன்.

திருச்சியிலிருந்து: ஐயா, புதிய கைபேசி வாங்கவிருக்கிறேன். ஓஎல்இடி திரையில் சில ஆண்டுகளில் நிழல் விழுந்துவிடும் என்று ஒரு கடைக்காரர் எச்சரித்தார். அதெல்லாம் பழைய கதை என்று இன்னொருவர் சொன்னார். எது சரி?

பதில்: இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எல்சிடி திரைக்கு வெளிச்சம் தருவது பின்னாலிருக்கும் பொது விளக்கு. அது மங்கினால் திரை முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக மங்கும். ஓஎல்இடி திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒவ்வொரு துணைப்புள்ளியும் தானே ஒளிர்கிறது; ஒளிர்ந்த அளவுக்குத் தானே தேய்கிறது. திரையின் ஒரு பகுதி மற்றப் பகுதிகளைவிட நீண்ட நேரம் அதிக வெளிச்சத்தில் இருந்திருந்தால் அந்தப் பகுதி மட்டும் கூடுதலாகத் தேய்ந்துபோய், வேறு படம் வரும்போதும் பழைய வடிவம் மங்கலாகத் தெரிகிறது. ஆகவே நாம் நிழல் என்று பார்ப்பது ஏற்றத்தாழ்வான தேய்மானத்தைத்தான்.

மூன்று நிறங்களும் ஒரே வேகத்தில் தேய்வதும் இல்லை. நீல ஒளியின் ஆற்றல் அதிகம். அந்த ஆற்றலே அதை உமிழும் கரிமச் சேர்மத்தின் பிணைப்புகளை முறிக்கப் போதுமானதாக இருக்கிறது. சிவப்புக்கும் பச்சைக்கும் பாஸ்பரசென்ட் வகையைச் சேர்ந்த திறன் மிக்க சேர்மங்கள் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருக்க, நீலத்துக்கு அவ்வகையில் நீண்ட ஆயுளுள்ள சேர்மம் அமையாததால் திறன் குறைந்த ஃப்ளூரசென்ட் வகையையே தயாரிப்பாளர்கள் நம்பியிருந்தார்கள். பல திரைகளில் நீலத் துணைப்புள்ளியைப் பெரிதாக அமைத்திருப்பது இதனால்தான்; பரப்பு கூடினால் மின்னோட்ட அடர்த்தி குறைந்து தேய்மானமும் குறையும். நிழல் விழுந்த இடம் பெரும்பாலும் மஞ்சள் சாய்ந்து தெரிவதற்கும் நீலம் முதலில் குறைவதே காரணம்.

2017-இல் கூகுளின் பிக்சல் 2 எக்ஸ்எல் வெளிவந்த சில வாரங்களிலேயே, கீழேயுள்ள நேவிகேஷன் பட்டையின் நிழல் திரையில் தெரிவதாகப் புகார்கள் எழுந்தன. கூகுள் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகளாக நீட்டித்ததுடன், அந்தப் பட்டையைத் தானாக மங்கச் செய்யும் அப்டேட்டையும் வழங்கியது. அதே ஆண்டு முதல் ஓஎல்இடி ஐபோனான ஐபோன் எக்ஸ் வந்தபோது, நீண்டகாலப் பயன்பாட்டில் இத்தகைய மாற்றங்கள் தோன்றலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எழுதியது. அதற்குப் பிறகு சேர்மங்கள் மேம்பட்டன. நிலையான குறிகளைச் சில புள்ளிகள் அளவுக்கு நகர்த்தும் மென்பொருள் வந்தது. தேய்மானத்தைக் கணக்கிட்டு ஈடுசெய்யும் ஏற்பாடுகளும் வந்தன. என் கருத்தில் இவை அனைத்துக்கும் இணையான பங்கு, விரலால் தள்ளி இயக்கும் சைகை முறைக்கு உண்டு. மூன்று பொத்தான்கள் கொண்ட பட்டை நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்றது. சைகை முறை வந்ததும் அது பல கைபேசிகளிலிருந்து மறைந்துவிட்டது.

வழக்கமான பயன்பாட்டில் மூன்று, நான்கு ஆண்டுகள் வைத்திருந்து மாற்றிக்கொள்பவர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. பயன்பாடு வழக்கமானதாக இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை அடுத்த கேள்வி காட்டுகிறது.

மதுரையிலிருந்து: அண்ணா, நான் உணவு கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் இருக்கிறேன். பகல் முழுவதும் பைக்கின் கைப்பிடியில் கைபேசியை மாட்டி, வரைபடத்தை முழு வெளிச்சத்தில் வைத்திருப்பேன். ஓராண்டு ஆவதற்குள் செயலியின் மேல்பட்டையும் கீழே உள்ள பொத்தானும் நிழலாகத் தெரிகின்றன. நான் என்ன தவறு செய்தேன்?

பதில்: நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை, தம்பி. உங்கள் வேலை இந்தத் திரைக்கு மிகக் கடினமான வேலை. வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கினால் ஓஎல்இடியின் ஆயுள் பாதியாகக் குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஆயுள் வெளிச்சத்தின் ஏறத்தாழ 1.5 முதல் 2 வரையிலான அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அதாவது மூன்றில் ஒரு பங்காகவோ நான்கில் ஒரு பங்காகவோ சுருங்கிவிடுகிறது. இன்றைய கைபேசிகளுக்கு விளம்பரங்களில் சொல்லப்படும் 2000 நிட்ஸ், 2600 நிட்ஸ் (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) போன்ற உச்ச வெளிச்சம் கடும் வெயிலில் சிறிது நேரம் பார்ப்பதற்காகத் தரப்பட்டது. தானியங்கி வெளிச்சம் இயங்கும் கைபேசி, வெயிலில் மாட்டியிருக்கும் வரை அந்த உச்சத்தை நோக்கியே போகப் பார்க்கும். அதனுடன் வெயிலின் சூடும் சார்ஜ் ஏறும் சூடும் சேர்கின்றன. சூடு தேய்மானத்தை மேலும் விரைவுபடுத்துகிறது. அதிக வெளிச்சம், சூடு, அசையாத படம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடுவதைத்தான் நான் எல்லோரிடமும் எச்சரிக்கிறேன். உங்களுக்கு அவை மூன்றும் நாள்தோறும் ஒன்றுகூடுகின்றன.

வரைபடத்தின் குரல் வழிகாட்டலைக் காதில் கேட்டுக்கொண்டு, நேரான நீண்ட சாலைகளில் திரையை அணைத்து வையுங்கள். கைபேசிக்கு மேலே சிறிய நிழற்குடை போன்ற மறைப்பைப் பொருத்தினால் வெளிச்சத்தைக் கணிசமாகக் குறைக்கலாம். இந்த வேலையைத் தொடர்ந்து செய்யப் போகிறீர்கள் என்றால், அடுத்த முறை பைக்கில் மாட்டுவதற்கென எல்சிடி திரையுள்ள விலை குறைந்த கைபேசி ஒன்றை வாங்குவதே சிக்கனம். வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் இதே பதில் பொருந்தும்.

கொழும்பிலிருந்து: எப்போதும் நேரம் காட்டும் ஆல்வேஸ்-ஆன் வசதியை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: தேவையில்லை. அந்த நிலையில் வெளிச்சம் மிகக் குறைவு. பல கைபேசிகளில் கடிகாரம் அவ்வப்போது இடம் மாறுகிறது. சட்டைப்பையில் இருக்கும்போது அணைந்தும்விடுகிறது.

ஈரோட்டிலிருந்து: 120 ஹெர்ட்ஸ் வேகத்தில் வைத்தால் திரை விரைவில் தேயுமா?

பதில்: தேயாது. அது படம் புதுப்பிக்கப்படும் வேகம் மட்டுமே. ஒளியின் அளவு அதனால் மாறுவதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து: நிழலைப் போக்குவதாகச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. பல வண்ணங்களை மாறி மாறி மின்னச் செய்யும் காணொளிகளும் உள்ளன. இரவு முழுவதும் ஓடவிட்டால் பலன் உண்டா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சிதைந்த சேர்மம் மீண்டும் பழைய நிலைக்கு வராது. இந்தச் செயலிகள் அதிகபட்சமாகச் செய்யக்கூடியது, தேயாத பகுதிகளையும் தேய்த்து வேறுபாட்டைக் குறைப்பதுதான். நடுவில் குழிந்த படிக்கட்டைச் சமப்படுத்த ஓரங்களையும் செதுக்குவது போன்ற வேலை அது. படி உயராது, முழுப் படியும் தாழும். முழு வெளிச்சத்தில் இரவெல்லாம் ஓடும்போது திரையின் ஆயுளில் ஒரு பகுதியைப் பயனின்றி இழப்பீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து: விசைப்பலகையின் உருவம் சில நேரம் மங்கலாகத் தங்கி, சில நிமிடங்களில் மறைந்துவிடுகிறது. இதுவும் பர்ன்-இன் தானா?

பதில்: இல்லை. மறைந்துவிடும் உருவம் தற்காலிகத் தேக்கம் மட்டுமே. எல்சிடியிலும் அது வருவதுண்டு. திரையைச் சிறிது நேரம் அணைத்து வைத்த பிறகும் அதே இடத்தில் அதே வடிவம் தெரிந்தால்தான் நிரந்தரத் தேய்மானம்.

பெங்களூரில் மென்பொருள் பணியிலிருக்கும் ஒருவர்: டார்க் மோட் திரையைக் காக்கும் என்பது தவறான நம்பிக்கை. ஏற்றத்தாழ்வுதான் நிழலுக்குக் காரணம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் குறிகள் நிலைத்து நின்றால் ஏற்றத்தாழ்வு உச்சத்தில் இருக்கும். வெள்ளைப் பின்னணியிலோ எல்லாம் சேர்ந்து தேயும். ஆகவே வெள்ளைப் பின்னணியே நல்லது.

பதில்: ஏற்றத்தாழ்வு என்ற அடிப்படையைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், முடிவோடு நான் உடன்படவில்லை. வெள்ளைப் பின்னணியில் மணியும் பேட்டரி அளவும் கறுப்புக் குறிகளாக நிற்கின்றன. சுற்றிலும் தேய, அவை நிற்கும் இடம் தேயாமல் இருக்கும்; பின்னர் அந்தக் குறிகள் சுற்றுப்புறத்தைவிட வெளிச்சமான தலைகீழ் நிழலாகத் தெரியும். தேய்ந்த இடத்துக்கும் தேயாத இடத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு என்னவென்றால், டார்க் மோடில் தேய்வது சிறு குறிகள், வெள்ளைப் பின்னணியில் தேய்வது திரையின் மற்றப் பகுதி முழுவதும். நாம் படிக்கும் எழுத்துகள் நகர்ந்துகொண்டே இருப்பதால் அவற்றின் தேய்மானம் பரவலாகிவிடுகிறது. இரண்டு முறையிலும் கவனிக்க வேண்டியவை மேல்பட்டையும் விசைப்பலகையும்தான்.

அதே பெங்களூர் அன்பர்: 2021-இல் பர்டூ பல்கலைக்கழகம் செய்த ஆய்வில், வழக்கமான 30 முதல் 50 விழுக்காடு வெளிச்சத்தில் டார்க் மோட் சேமிக்கும் மின்சாரம் சராசரியாக 3 முதல் 9 விழுக்காடு மட்டுமே என்று கண்டார்கள். சேமிப்பே இவ்வளவு சிறிதென்றால் தேய்மானத்தில் என்ன பெரிய வேறுபாடு வரப்போகிறது?

பதில்: அந்த ஆய்வு நல்ல ஆய்வு. முழு வெளிச்சத்தில் அதே சேமிப்பு 39 முதல் 47 விழுக்காடு வரை உயர்ந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் அளந்தது கைபேசி முழுவதும் செலவிடும் மின்சாரம். அதில் செயலகமும் ரேடியோவும் அடங்கும். தேய்மானத்தை ஒவ்வொரு புள்ளியாகப் பார்க்க வேண்டும். அணைந்திருக்கும் புள்ளி, கைபேசியின் மொத்தச் செலவு எவ்வளவாக இருந்தாலும், ஒளிர்வதால் தேய்வதில்லை. இருந்தாலும் நடைமுறையில் உங்களோடு ஓரளவு ஒத்துப்போகிறேன்: குறைந்த வெளிச்சத்தில் எல்லாத் தேய்மானமும் சிறிது என்பதால், அங்கே டார்க் மோடா இல்லையா என்ற தேர்வு பெரிய வேறுபாட்டைத் தராது.

சென்னையிலிருந்து ஒருவர்: இந்த விவாதத்தில் ஒன்றை மறந்துவிட்டீர்கள். வெயிலில் டார்க் மோட் சரியாகத் தெரியாது. அதனாலேயே மக்கள் வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள்.

பதில்: மிகச் சரியான கருத்து. வெளிச்சம் கூடுவதன் விலையை மதுரைத் தம்பிக்கு எழுதிய பதிலில் பார்த்தோம். வெளியில் வெள்ளைப் பின்னணியை வைத்து வெளிச்சத்தைக் கூட்டாமல் இருப்பது, டார்க் மோடை வைத்து உச்சத்துக்குப் போவதைவிட மேல். வீட்டுக்குள் எது கண்ணுக்கு இதமோ அதை வைத்துக்கொள்ளலாம். இதே ஏற்றத்தாழ்வுக்கு இன்னோர் எடுத்துக்காட்டையும் சேர்க்கிறேன். 20:9 விகிதத் திரையில் 16:9 விகிதக் காணொளியைப் பார்க்கும்போது நீளத்தில் 80 விழுக்காடு மட்டுமே ஒளிரும். இரு முனைகளிலும் பத்துப் பத்து விழுக்காடு கறுப்பாகவே நிற்கும். நாளெல்லாம் குழந்தைகள் கார்ட்டூன் பார்க்கும் கைபேசிகளில், அந்த எல்லைக்கோடு சாம்பல் பின்னணியில் தெரிவதை நான் பார்த்திருக்கிறேன்.

பெங்களூர் அன்பர் மீண்டும்: அப்படியானால் டார்க் மோடை ஒரு பாதுகாப்பு என்று விளம்பரப்படுத்துவது தவறு என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் டார்க் மோடை மட்டும் பரிந்துரைப்பது தவறு என்று எழுதினால் நானும் கையெழுத்திடுவேன்.

சேலம், தஞ்சாவூர், யாழ்ப்பாணம்: இந்த நிறுவனத்தின் புதிய கைபேசியில் நிழல் விழுமா? அந்த நிறுவனத்தின் கைபேசியில்?

பதில்: மூவருக்கும் முதல் பதிலே பொருந்தும், அதைப் படியுங்கள். நிறுவனத்தின் பெயரைவிட, நீங்கள் திரையை எந்த வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் வைத்திருக்கிறீர்கள் என்பதே முக்கியம்.

வேலூரிலிருந்து: அப்டேட் செய்த மறுநாள் திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழுந்தது. இதுவும் பர்ன்-இன் தானே?

பதில்: இல்லை. கோடு விழுவது திரையின் இணைப்பிலோ இயக்கும் சுற்றிலோ ஏற்படும் பழுது. உத்தரவாதம் முடிந்திருந்தாலும் முதலில் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். சில மாடல்களுக்கு இலவசமாகத் திரை மாற்றித் தந்திருக்கிறார்கள்.

திருப்பூரிலிருந்து: நிழலைப் போக்கும் செயலி ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா?

பதில்: முடியாது. கோயம்புத்தூர் அன்பருக்குக் காரணத்தை எழுதியிருக்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து: வீட்டில் ஓஎல்இடி டிவி வாங்கலாமா?

பதில்: டிவி என் துறையல்ல, அதைப் பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள்.

புதுச்சேரியிலிருந்து: நீல நிறச் சிக்கலுக்கு முடிவு வருமா?

பதில்: வந்துகொண்டிருக்கிறது. 2024-இல் வெளியான ஐபேட் ப்ரோவில் இரண்டு ஒளியடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்கள். வேலையை இரண்டும் பகிர்ந்துகொள்வதால் அதே வெளிச்சத்துக்கு ஒவ்வோர் அடுக்கும் குறைவாக உழைக்கிறது. 2025-இல் எல்ஜி டிஸ்ப்ளே நிறுவனம், ஓர் அடுக்கில் ஃப்ளூரசென்ட் நீலத்தையும் மற்றதில் பாஸ்பரசென்ட் நீலத்தையும் வைத்த திரையை, விற்பனைக்குரிய தரத்தில் உருவாக்க முடியும் என்று உறுதிசெய்ததாக அறிவித்தது. பெரும் முன்னேற்றம் என்றே கருதுகிறேன்.

சென்னையிலிருந்து: ரிச்சி தெருவில் பழைய கைபேசி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். திரையை எப்படிச் சோதிப்பது?

பதில்: முழுத் திரையையும் நிரப்பும் நடுத்தரச் சாம்பல் நிறப் படத்தை வைத்து, வெளிச்சம் குறைந்த இடத்தில் நின்று நிதானமாகக் கவனியுங்கள், பிறகு தனிச் சிவப்பு, தனிப் பச்சை, தனி நீலம் என்று வரிசையாகப் பாருங்கள். வெள்ளையில் தெரியாத நிழல் சாம்பலிலும் நீலத்திலும் தெரியும். மேல்பட்டை, விசைப்பலகை இருக்கும் இடம், இரு முனைகள் ஆகியவற்றில் கண் செல்லட்டும். கடையில் பார்வைக்கு வைத்திருந்த டெமோ கைபேசி என்றால், நாளெல்லாம் முழு வெளிச்சத்தில் ஒரே விளம்பரம் ஓடிய திரை என்பதை நினைவில் கொள்ளுங்கள். நிழலே இல்லாமல் கறுப்பு மட்டும் வெளுத்துச் சாம்பலாகத் தெரிந்தால், முந்தைய உரிமையாளர் திரை உடைந்தபின் ஓஎல்இடிக்குப் பதிலாக இன்செல் என்ற வகை எல்சிடி திரைத் தொகுப்பை (காம்போ) போட்டிருக்கக்கூடும். இருட்டான மூலையில் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்தால் உடனே தெரிந்துவிடும். அப்படி இருந்தால் அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.