லாக்கே இல்லாமல் 16 த்ரெட் ஏன் திணறுகிறது?

உங்கள் புரோகிராமில் லாக் (ஒரு த்ரெட் முடிக்கும்வரை மற்றவற்றைக் காக்க வைக்கும் பூட்டு) எதுவும் போடவில்லை, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைத்தொடர்) அரேயில் தனி கவுன்ட்டர்தான், ஆனாலும் 4 த்ரெட்டில் ஓடியதைவிட 16-இல் மெதுவாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த அரே மேல்தான் சந்தேகம்.

கவுன்ட்டர்கள் பெயருக்குத்தான் தனித்தனி. ஒன்று 8 பைட். கேஷ் லைன், அதாவது மெமரியிலிருந்து ப்ராசசரின் கேஷுக்கு ஒரே மூச்சில் வரும் துண்டு, பெரும்பாலான ப்ராசசர்களில் 64 பைட். ஆக, எட்டு கவுன்ட்டர்கள் ஒரே லைனில் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. த்ரெட்டுகள் ப்ராசசரின் வெவ்வேறு கோர்களில் ஓடுகின்றன; ஒரு கோர் தன்னுடைய கவுன்ட்டரை மாற்றியதும் மற்ற கோர்களிடம் உள்ள அந்த லைனின் நகல் செல்லாமல் போய்விடும். அடுத்த கோர் எழுத வேண்டுமானால் லைனை மறுபடி இழுத்து வர வேண்டும். கோர் கூடக் கூட இழுபறியும் கூடும். இதைத்தான் ஃபால்ஸ் ஷேரிங் என்பார்கள். (இல்லாத லாக்கைத் தேடி நானும் இரண்டு நாள் அலைந்தவன்தான்!)

லூப்புக்குள் ஒரு லோக்கல் மாறியில் எண்ணிவிட்டு, முடிந்தபின் ஒரே தடவை அரேயில் எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அதற்கு வழியில்லை என்றால் ஒவ்வொரு கவுன்ட்டரையும் 64 பைட் எல்லையில் அலைன் செய்யுங்கள்; ஒவ்வொன்றும் தனி லைனில் உட்காரும். லினக்ஸ் என்றால் 'பெர்ஃப் சி2சி' (perf c2c) என்ற கருவி எந்த லைனில் மோதல் என்று காட்டிக்கொடுக்கும்.

அப்படியும் வேகம் ஏறாவிட்டால், உங்களுடையது நிஜமாகவே 16 கோரா, இல்லை 8 கோரில் இரண்டிரண்டு ஹார்ட்வேர் த்ரெட்டா என்று சொல்லுங்கள்.