நடுவழியில் நிற்கும் வண்டி – கடிதம்

அன்புள்ள சார்,

கப்பலூர் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் வேலை பார்க்கிறேன். பஞ்சைச் சீவும் கார்டிங் இயந்திரத்திலிருந்து, அதை இழுத்துச் சீராக்கும் டிராயிங் இயந்திரத்துக்குப் பஞ்சுப்பட்டை நிறைந்த கேன்களைக் கொண்டுபோக, தானே ஓடும் வண்டிகள் வாங்கியிருக்கிறார்கள். நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆனால் சில நேரம் நடுவழியில் நின்றுவிடுகின்றன. வண்டி கொடுத்தவர்கள் ‘உங்க வைஃபைதான் சரியில்லை’ என்கிறார்கள். வைஃபை போட்டவர் போனைக் காட்டி, ‘சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஸ்பீடும் இருக்கு’ என்கிறார். இதையே எம்.இ. ஆய்வுக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். நண்பர்களோ ‘5ஜியே வந்தாச்சு, இதுல இன்னும் என்ன ஆராய்ச்சி, இல்லேன்னா ஒயர் போட்டுட்டுப் போ’ என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

செ., திருமங்கலம்

அன்புள்ள செ.,

தாராளமாக எடுங்கள்.

வைஃபைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் போனில் காட்டியது சராசரி. உங்கள் வண்டியை நிறுத்துவது சராசரி கிடையாது, வைஃபை வழியாக அதற்குப் போகும் கட்டளைச் செய்திகளில் எப்போதாவது தாமதமாகும் அந்த ஒரு சிலதான். ஒரு கணக்குக்கு, 20 மில்லிசெகண்டுக்கு ஒரு செய்தி வண்டிக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். நொடிக்கு 50. எட்டு மணி நேர ஷிப்டுக்கு 14,40,000. ஆயிரத்துக்கு 999 நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும், ஒரு ஷிப்டில் 1,440 தவறும். அதே வைஃபையில் சினிமா பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. வண்டிக்குத் தெரியும்.

ஒன்றிரண்டு தவறினால் வண்டி பொறுத்துக்கொள்ளும். தொடர்ந்து சில வராவிட்டால் நின்றுவிடும், அப்படித்தான் வடிவமைத்திருப்பார்கள். ஆட்கள் நடமாடும் பாதையில், கட்டளை வராத வண்டி ஓடிக்கொண்டிருப்பதைவிட நிற்பதே சரி. ‘காத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிவிடலாமே’ என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு அரை நொடி கூட்டினால், அது யாருடைய கட்டளையும் இல்லாமல் அரை மீட்டர் கூடுதலாகப் போகும். அந்த அரை மீட்டரில், டாஃபிங் (நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றும் வேலை) முடித்து வரும் ஒரு பெண் நிற்கக்கூடும். எதிரே ஆள் வந்தால் நிறுத்தும் வேலை வண்டியிலேயே உள்ள லேசர் ஸ்கேனருடையது. ரேடியோவை, அதாவது கம்பியில்லாத் தொடர்பை, நம்பி அந்த வேலையை விடக்கூடாது.

சரி, செய்தி ஏன் கும்பல் கும்பலாகத் தவறுகிறது? மில்லுக்குள் எங்கு பார்த்தாலும் இரும்பு. அலை நேராகவும் வரும், இயந்திரங்களில் பட்டுத் திரும்பியும் வரும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடங்களில் சிக்னல் செத்துப்போகும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். எனவே சுமார் ஆறு சென்டிமீட்டருக்கு ஒருமுறை, அதாவது மூன்று விரல் அகலத்துக்குள்ளேயே, நல்ல இடமும் கெட்ட இடமும் மாறி மாறி வரலாம். ஓடும் வண்டி இவற்றைத் தாண்டிப் போய்விடும். கெட்ட இடத்தில் போய் நின்ற வண்டி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் வைஃபையின் பிறவிக் குணம் ஒன்று உண்டு. யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டு, ஏதோ ஒரு நேரம் காத்திருந்து பேசும். மோதினால் காத்திருப்பின் உச்சவரம்பை இரட்டிப்பாக்கும். இதன் மூதாதை 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு ஓடவிட்ட அலோஹா. அதில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். அதனால் அலைவரிசையில் 18 சதவீதத்துக்கு மேல் உருப்படியாகப் பயன்படாது. வைஃபை அதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் ‘இத்தனை மில்லிசெகண்டுக்குள் உன் முறை வரும்’ என்ற வாக்கு அதன் அடிப்படை முறையில் கிடையாது. உரிமம் தேவையில்லாத அலைவரிசை என்பதால் ஊரார் போனெல்லாம் அதில்தான் இருக்கும். 2012 நவம்பரில் சீனாவின் ஷென்ஜென் மெட்ரோவில் ரயில்கள் திடீரென்று நின்றன. ரயில் கட்டுப்பாட்டுச் செய்திகள் போன அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் பயணிகளின் கையடக்க வைஃபை கருவிகள் குறுக்கிட்டதைக் காரணமாகச் சொன்னார்கள்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது வேறு. வண்டி ஒரு ஆக்சஸ் பாயின்டின் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) எல்லையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, பழையதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசி நேரத்தில் புதியதைத் தேடும். அந்த இடைவெளி சில நூறு மில்லிசெகண்டுகூட ஆகலாம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மில்லின் தரைப்படத்தை ஒரு பெரிய தாளில் வரைந்து, வண்டி நின்ற இடத்தையும் நேரத்தையும் ஒவ்வொரு தடவையும் குறியுங்கள். அதை ஆக்சஸ் பாயின்ட் பதிவோடு ஒத்துப்பாருங்கள். ஒரே இடத்தில் புள்ளிகள் குவிந்தால் எல்லை மாற்றமோ சிக்னல் செத்த இடமோ. ஒரே நேரத்தில், முக்கியமாக ஷிப்ட் மாறும்போது குவிந்தால், குறுக்கீடு. இந்தப் படம் இல்லாமல் வண்டிக்காரரும் வைஃபைக்காரரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

நண்பர்கள் சொன்ன 5ஜிக்கு வருகிறேன். 32 பைட் செய்தி, ஒரு மில்லிசெகண்டுக்குள், லட்சத்துக்கு 99,999 தடவை போய்ச் சேர வேண்டும் என்பது அதன் தரநிலையில் வைத்த இலக்கு. அதுவும் ரேடியோ பகுதிக்கு மட்டும். அதற்குப் பின்னால் உள்ள சுவிட்ச், சர்வர் எல்லாம் தனிக் கணக்கு. நாம் போனில் ரீசார்ஜ் செய்து வாங்கும் 5ஜி இந்த வாக்கைத் தருவதில்லை. ஒயர்லெஸ் ஹார்ட் என்ற தொழிற்சாலை முறை 2010-இல் சர்வதேசத் தரமானது. ஒவ்வொருவருக்கும் 10 மில்லிசெகண்ட் முறை ஒதுக்கி, 15 அலைவரிசைகளில் தாவித் தாவிப் போகும் அருமையான ஏற்பாடு அது. ஆனால் வெப்பநிலை, அழுத்தம் அளப்பதற்குத்தான் பொருத்தம். ஓடும் வண்டிக்குப் போதாது. ஒயர் போடச் சொன்னதில் பாதி நியாயம் உண்டு: நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் போன்ற அசையாத இயந்திரத்துக்கு ஒயர்தான் போட வேண்டும். வண்டிக்கு என்ன செய்வது?

ஆய்வுக்கு இடம் எங்கே என்றால், என் கண்ணுக்கு இரண்டு தெரிகின்றன. ஒரே செய்தியை இரண்டு வழியில் அனுப்பினால், ஆயிரத்தில் ஒன்று தவறுவது பத்து லட்சத்தில் ஒன்றாகிவிடும் என்பார்கள். இரண்டு வழியும் ஒன்றையொன்று சாராமல் தவறினால்தான் அந்தக் கணக்கு செல்லும். ஒரே தூணில், ஒரே அலைவரிசையில் இரண்டு பெட்டி மாட்டினால் இரண்டும் சேர்ந்தே விழும். எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதை மில்லில்தான் அளக்க முடியும். இன்னொன்று, செய்தி எவ்வளவு பழையது என்பதை வண்டியே அறிந்து, பழையதாக ஆக ஆக வேகத்தைக் குறைத்துக்கொள்வது. சட்டென்று நிற்கும் வண்டி தவழ்ந்தாவது போய்ச் சேரும். தொலைத்தொடர்புக்காரர்களும், இயந்திரக் கட்டுப்பாடு படிக்கும் கன்ட்ரோல்காரர்களும் தனித்தனி வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும்வரை இந்த வேலை சரியாக நடக்காது. மில் தரையில் நின்று இரண்டையும் பார்க்கிற உங்களுக்கு அந்தத் தடை இல்லை. நீங்கள் இதை எடுக்க வேண்டும் என்று நான் இவ்வளவு ஆசைப்படுவதற்குக் காரணமே அதுதான்.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. லட்சத்தில் ஒன்றுக்கு மேல் தவறாது என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, ஒன்றுகூடத் தவறாமல் சுமார் மூன்று லட்சம் செய்திகள் போக வேண்டும். நொடிக்கு 50 என்றால் நூறு நிமிடத்தில் முடிந்துவிடும்போலத் தோன்றும். ஆனால் அடுத்தடுத்த செய்திகள் ஒரே சூழ்நிலையில் போகின்றன, தனித்தனிச் சாட்சியாகா. எல்லா ஷிப்டிலும், கேன் நிறைந்தும் காலியாகவும் இருக்கும்போது, வண்டிகள் எதிரும் புதிருமாகப் போகும்போது என்று வாரக்கணக்கில் எடுங்கள். கைடு யாராக இருந்தாலும், நிகழ்தகவு நன்றாகத் தெரிந்தவராகப் பாருங்கள். முதலாளியிடம் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். தரைப்படத்தை நாளைக்கே தொடங்கிவிடலாம்.