மிதிச்சுவிட மக இருக்கா, உக்கார ஸ்டூல் இல்ல

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு. மதுரையில ஒரு பெரிய ஜவுளிக்கடையில பட்டுப்பொடவை செக்‌ஷன்ல 11 வருஷமா வேலை பாக்குறேன். காலைல ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி ஒன்பது வரைக்கும் நிக்கணும், சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் மட்டும் உக்காரலாம். காலு, இடுப்பு, கழுத்து எல்லாம் வலி. இடது கெண்டைக்கால்ல நரம்பு நீலமா முடிச்சு முடிச்சா தெரியுது. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தா என் ஒன்பது வயசு பொண்ணு காலை மிதிச்சுவிடுவா, அப்பதான் தூக்கமே வரும். சென்னையில இருக்கிற என் தங்கச்சி பொறந்தநாளுக்கு ஒரு ஸ்பா வவுச்சர் அனுப்பிச்சிருக்கா, ஒருமணி நேர மசாஜ், இந்த மாசக் கடைசிக்குள்ள போகணும். வீட்டுக்காரர் "அதெல்லாம் ஒருமாதிரி இடம்"ங்கிறார். மாமியார் "எண்ணெய் தேய்ச்சுக் குளி, எல்லாம் சரியாப்போகும்"ங்கிறாங்க. எனக்கு வாரலீவு செவ்வாய்க்கிழமை. நான் மசாஜுக்குப் போகலாமா? பொண்ணு மிதிக்கிறது தப்பா? - ஒரு வாசகி, மதுரை

பதில்:

வாங்க தங்கச்சி. உங்க லெட்டர்ல நீங்க பெருசா எழுதினது மசாஜ், போறபோக்குல ஒரு வரியில எழுதிட்டுப் போனது அந்த நீல முடிச்சு. நான் 26 வருஷம் பிசியோதெரபி பாத்தவ, எனக்குக் கண்ணுல மொதல்ல பட்டது அந்த ஒரு வரிதான், அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம்ம ஊர்ல கால்ல தெரியிற ரத்தக்குழாயையும் நரம்புங்கிறோம், மூளையிலேருந்து வர்றதையும் நரம்புங்கிறோம், இதனாலயே பாதிப்பேரு "நரம்பு சுருட்டிக்கிச்சு"னு சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட போய் உக்காந்துடுறாங்க. உங்களுக்கு இருக்கிறது பெரும்பாலும் வெரிகோஸ் வெயினா இருக்கும், அதாவது ரத்தக்குழாய் வீக்கம். கால்ல இருக்கிற ரத்தம் மேல நெஞ்சுக்கு ஏறணும்ல, அது திரும்பக் கீழ எறங்காம இருக்க குழாய்க்குள்ள குட்டிக்குட்டியா கதவு மாதிரி வால்வு இருக்கு, ரத்தத்தை மேல தள்ளிவிடுறது கெண்டைக்கால் சதை. நடந்தா சதை சுருங்கி விரிஞ்சு பம்பு மாதிரி தள்ளும். ஒரே எடத்துல நின்னா பம்பு ஓடாது. ரத்தம் அங்கேயே தேங்கி, குழாய் விரிஞ்சு, வால்வு சரியா மூடாமப் போயி, அப்புறம் நீங்க சொல்ற முடிச்சு. குடும்பத்துல யாருக்காவது இருந்தாலும் வரும், புள்ளத்தாச்சியா இருக்கும்போது ஆரம்பிச்சதும் நெறைய இருக்கு. உங்க விஷயத்துல 11 வருஷம் கவுண்ட்டருக்குப் பின்னாடி நின்னதும் சேர்ந்துக்கிச்சு.

அதனால பொண்ணு கெண்டைக்கால்ல ஏறி மிதிக்கிறத இன்னிக்கே நிறுத்திடுங்க. திட்ட வேண்டாம் பாவம், எடத்தை மாத்திவிடுங்க போதும். குப்புறப் படுத்துக்கிட்டு கால் விரலை நீட்டி வச்சுக்கிட்டா உள்ளங்கால் வானத்தைப் பாத்து இருக்கும்ல, அதுமேல அவ குதிகாலை வச்சு மெதுவா அழுத்தட்டும், ஒரு கையால சுவத்தைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. தொடையோட பின்பக்கம் லேசா ஏறினாலும் பரவால்ல. முட்டிக்குப் பின்னாடி இருக்கிற பள்ளமும் கெண்டைக்காலும் வேண்டவே வேண்டாம். நாங்கல்லாம் சின்னப் புள்ளைல எங்க தாத்தாவுக்கு முதுகுல நடந்திருக்கோம், நாலணா குடுப்பாரு, கணக்கு பாத்து பத்து தடவ நடப்போம். உங்க பொண்ணு ஃப்ரீயா பண்றான்னு நினைக்கிறேன், ஏதாவது குடுங்க.

இன்னொண்ணு, இதை எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. ஒரு காலு மட்டும் திடீர்னு வீங்கி, தொட்டா சூடா, செவந்து, கெண்டைக்கால் வலிச்சா அன்னிக்கு மசாஜும் கிடையாது தைலமும் கிடையாது, நேரா ஆஸ்பத்திரிதான். உள்ள இருக்கிற குழாய்ல ரத்தம் கட்டியிருந்தா, அமுக்கும்போது அந்தக் கட்டி கழண்டு நுரையீரலுக்குப் போயிடலாம், உயிருக்கே ஆபத்து. இப்ப உங்களுக்கு அப்படி இருக்குனு நான் சொல்லல, பயப்படாதீங்க, ஆனா அடுத்த செவ்வாய்க்கிழமை காலைல பெரியாஸ்பத்திரியில ஓபி சீட்டு போட்டு காலைக் காட்டிடுங்க. டாப்ளர் ஸ்கேன்னு ஒண்ணு எடுப்பாங்க, ஊசி கிடையாது, வயித்துக்கு ஸ்கேன் எடுக்கிற மாதிரி ஜெல்லைத் தடவி காலைப் பாப்பாங்க. அதுக்கப்புறம் இறுக்கமான சாக்ஸ் போடணுமா, என்ன சைஸுனு அவங்களே சொல்லுவாங்க. கடையில கிடைக்கிறதை நீங்களா வாங்கி மாட்டிக்காதீங்க.

சரி, இப்ப ஸ்பாவுக்கு வருவோம். டாக்டர் பாத்து ஒண்ணும் பிரச்சனை இல்லைனு சொன்னதும் தாராளமாப் போங்க. உங்க வீட்டுக்காரர் சொல்றதுல கோவப்பட ஒண்ணும் இல்ல, பேப்பர்ல வாராவாரம் ஏதோ ஒரு மசாஜ் சென்டர் ரெய்டு நியூஸ் வருது, அதைப் படிக்கிறவர் அப்படித்தான் நினைப்பார். போன் போட்டு கேளுங்க, லேடீஸுக்கு லேடீஸ்தான் பண்ணுவாங்களா, ட்ரெயினிங் சர்ட்டிஃபிகேட் இருக்கா, பில் குடுப்பாங்களா. மூணுக்கும் மழுப்பாம பதில் வந்தா நல்ல எடம். அவரையும் கூட்டிட்டுப் போய் ரிசப்ஷன்ல உக்கார வைங்க, ஏசியில ஒருமணி நேரம் போன் நோண்டிக்கிட்டு இருந்தா அவருக்கும் ரெஸ்ட்தானே.

உள்ள என்ன நடக்கும்னு தெரியாமத்தான் நம்மள்ல பாதிப்பேரு போகவே கூச்சப்படுறோம், அதனால சொல்றேன். மொதல்ல ஒரு ஃபாரம் குடுப்பாங்க, அதுல பிபி, சுகர், மாத்திரை, ஆபரேஷன் எல்லாம் கேட்டிருக்கும், மறைக்காம எழுதுங்க, இடது கால்ல வெரிகோஸ் இருக்குனு கொட்டை எழுத்துல எழுதுங்க, வாயாலயும் சொல்லிடுங்க. துணி மாத்துறதுக்கு அவங்க வெளிய போயிடுவாங்க. எல்லாத்தையும் கழட்டணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, நீங்க எதை வச்சுக்கணும்னு நினைக்கிறீங்களோ அதை வச்சுக்கோங்க. டவல் போத்தித்தான் இருப்பாங்க, எந்த எடத்துல தேய்க்கிறாங்களோ அந்த எடத்தை மட்டும் வெலக்கி அப்புறம் மூடிடுவாங்க. மெனு கார்டுல டீப் டிஷ்யூ, தாய் (தாய்லாந்து முறை), ஸ்வீடிஷ்னு இருக்கும். ஆழமா அழுத்துற டீப் டிஷ்யூ வேண்டாம், இழுத்து மடக்குற தாய் மசாஜும் உங்களுக்கு வேண்டாம், ஸ்வீடிஷ் லைட் பிரஷர்னு கேளுங்க, கழுத்து, தோள்பட்டை, முதுகு, கை, உள்ளங்கால் மட்டும் பண்ணுங்க, கெண்டைக்காலை விட்டுடுங்கனு சொல்லுங்க.

வலிச்சா வாயத் தொறந்து சொல்லணும். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கு. பல வருஷம் முன்னாடி ஒரு மலையூருக்கு டூர் போனப்ப தங்குன எடத்துலயே மசாஜ் இருந்துச்சு, போய்ப் படுத்தேன், அந்தம்மா முழங்கையை வச்சு தோள்பட்டையில ஒரு அழுத்து அழுத்துச்சு பாருங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஊருக்கெல்லாம் "வலிச்சா சொல்லுங்க"னு சொல்ற நான், அங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு கெடந்தேன், காசு குடுத்திருக்கோம், அந்தம்மா மனசு கஷ்டப்படுமோனு. மூணு நாளைக்கு அந்த எடம் கன்னிப்போயி தோள்ல ஹேண்ட்பேக் மாட்ட முடியல. "கொஞ்சம் மெதுவா"ங்கிற ரெண்டு வார்த்தைய முழுங்கினதுக்கு அந்தப் பரிசு.

அப்புறம் அங்க சுவத்துல ஒட்டியிருக்கிற போஸ்டரை எல்லாம் அப்படியே நம்பிடாதீங்க. "உடம்புல இருக்கிற நச்சுக்கழிவு எல்லாம் வெளியேறும்"னு எழுதியிருப்பாங்க, அந்த வேலைய உங்க ஈரலும் கிட்னியும் சம்பளம் வாங்காம செஞ்சுக்கிட்டு இருக்கு. உள்ளங்கால்ல இந்தப் புள்ளிய அமுக்கினா கிட்னி சரியாகும், அந்தப் புள்ளிய அமுக்கினா கண்ணு தெளியும்னு படம் போட்டு மாட்டியிருப்பாங்க, அதுக்கும் உருப்படியான ஆதாரம் இல்ல, ஆனா உள்ளங்காலை அமுக்கிவிட்டா சொகமா இருக்கா, இருக்கு, அது போதுமே. மசாஜ் நிஜமா என்ன செய்யும்னா, இறுகிப்போன சதை கொஞ்சம் தளரும், மனசு அடங்கும், மூச்சு நிதானமாகும், அன்னிக்கு நல்லாத் தூங்குவீங்க. வலி ஒண்ணு ரெண்டு நாள் கொறைஞ்ச மாதிரி இருக்கும். அவ்வளவுதான். அவ்வளவுதான்னாலும் வருஷத்துல ஒருநாள்கூட கெடைக்காதவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

மாமியார் சொல்றதையும் தள்ளாதீங்க. பொம்பளைங்களுக்கு செவ்வாயும் வெள்ளியும்தானே எண்ணெய்க்குளியல் நாளு, உங்க வாரலீவும் செவ்வாய்னு வந்து நிக்குது பாருங்க, யார் பாத்து வச்சாங்களோ. நல்லெண்ணெயை நேரா அடுப்புல வைக்காதீங்க, கொதிச்ச தண்ணியில எண்ணெய்க் கிண்ணத்தை இறக்கி வச்சா வெதுவெதுப்பு வந்துடும், எங்க அம்மாச்சி நாலு மிளகு போடுவாங்க, அந்த வாசனை இன்னும் மூக்குலயே இருக்கு. உச்சந்தலையில ஆரம்பிச்சு கழுத்து, தோள், கை, கால்னு வாங்க. கெண்டைக்கால்ல மட்டும் கணுக்கால்லேருந்து முட்டியைப் பாத்து மேல்நோக்கி, உள்ளங்கையால தடவுற மாதிரி போங்க, முடிச்சு மேல விரலை வச்சு அமுக்காதீங்க. அரைமணி நேரம் ஊறினாப் போதும். வெந்நி, சீயக்காய். ஆனா ஒரு எச்சரிக்கை, பாத்ரூம் தரையில எண்ணெய் சொட்டியிருந்தா அதை மொதல்ல சீயக்காத்தூள் போட்டு தேய்ச்சுட்டு அப்புறம் நில்லுங்க, எண்ணெய்க்குளியல்னு போய் வழுக்கி இடுப்பு எலும்பு ஒடைஞ்சு என்கிட்ட நடைப்பயிற்சிக்கு வந்தவங்க கணக்கே இல்ல. குளிச்ச அன்னிக்குப் பகல்ல தூங்கக்கூடாதும்பாங்க. நான் தூங்குவேன்.

முதுகுக்கு உங்க கை எட்டாதுல்ல, அங்கதான் நான் சொல்லவந்த விஷயமே. "தேய்ச்சுக் குளி"னு சொன்ன மாமியார்கிட்டயே போய் "அத்தை, முதுகுல கொஞ்சம் தேய்ச்சுவிடுங்க"னு கேளுங்க. வீட்டுல எல்லாரு காலையும் எல்லாரு தலையையும் நாம தேய்ச்சுவிடுவோம், நமக்கு வேணும்னு மட்டும் கேக்கமாட்டோம். வீட்டுக்காரர்கிட்டயும் கேளுங்க. புருஷன் காலைப் பொண்டாட்டி பிடிச்சா குடும்பம், பொண்டாட்டி காலைப் புருஷன் பிடிச்சா ஊரே சிரிக்கும்னு இருக்கோம், கதவைச் சாத்திக்கிட்டா ஊருக்கு எப்படித் தெரியும்?

காசு இல்லாம வேற வழியும் இருக்கு. சித்த வைத்தியத்துல வெளிமருந்துனு 32 சொல்லுவாங்க, அதுல தொக்கணமும் ஒண்ணு, நாம மசாஜ்ங்கிறமே அதேதான். தட்டுறது, இறுக்குறது, பிடிக்கிறது, முறுக்குறதுனு அதுல ஒம்போது விதம் பிரிச்சு வச்சிருக்காங்க. பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்ல சித்தா பிரிவு இருக்கு, தைலமும் அங்கேயே குடுப்பாங்க. ஓபிக்குப் போற அன்னிக்கே அங்கயும் ஒரு எட்டு எட்டிப் பாருங்க, பிஎஸ்எம்எஸ்ங்கிற சித்த மருத்துவப் பட்டம் படிச்ச டாக்டரானு மட்டும் பாத்துக்கோங்க. சலூன்ல கழுத்தை மடக்குனு ஒடிக்கிற ஆளுங்ககிட்ட மட்டும் யாரும் கழுத்தைக் குடுக்காதீங்க, மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்தவங்க இருக்காங்க. உங்க வீட்டுக்காரருக்கும் இதை வாசிச்சுக் காட்டுங்க.

கழுத்து வலிக்கு ஒரு டென்னிஸ் பந்தை பழைய சாக்ஸுக்குள்ள போட்டு, சாக்ஸோட நுனியை தோளுக்கு மேல பிடிச்சுக்கிட்டு, பந்தை முதுகுக்கும் சுவத்துக்கும் நடுவுல வச்சு சாய்ஞ்சு மேலயும் கீழயும் உருட்டுங்க. தோள்பட்டை எலும்புக்குப் பக்கத்துல ஒரு எடம் "ஆங், இதுதான்"னு சொல்லும், அங்க கொஞ்சநேரம் அப்படியே நில்லுங்க. முதுகெலும்பு மேல மட்டும் உருட்டவேண்டாம். கையில மரத்துப்போற மாதிரியோ, பொடவை மடிக்கும்போது பிடி நழுவுற மாதிரியோ இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ராத்திரி படுக்கும்போது காலை சுவத்து மேல சாய்ச்சோ ரெண்டு தலகாணி மேலயோ கால்மணி நேரம் வைங்க.

இதெல்லாம் செஞ்சாலும் புதன்கிழமை காலைல திரும்ப அதே கவுண்ட்டருக்குப் பின்னாடிதானே நிக்கப்போறீங்க. அதை விட்டுட்டு மசாஜைப் பத்தி மட்டும் பேசினா நான் உங்களை ஏமாத்துற மாதிரி. கோழிக்கோட்டுல விஜினு ஒரு தையல்வேலை பாக்குற அம்மா, பெண்கூட்டுனு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, கடையில நிக்கிற பொண்ணுங்களுக்கு உக்கார உரிமை வேணும்னு போராடுச்சு, 2018-ல கேரளாவுல சட்டத்தையே திருத்தினாங்க. நம்ம தமிழ்நாட்டுலயும் 2021-ல கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டுவந்துட்டாங்க, கடையில வேலை பாக்குற எல்லாருக்கும் உக்கார வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல சமயம் கெடச்சா உக்காரலாம்னு அதுல இருக்கு. கஸ்டமர் இல்லாத நேரத்துல உக்காருறது மொதலாளி போடுற பிச்சை இல்ல.

நீங்க தனியாப் போய்க் கேட்டா "உனக்கு மட்டும் என்ன"ம்பாங்க, தெரியும். உங்க செக்‌ஷன்ல நிக்கிற ஏழெட்டுப் பேருக்கும் இதே வலிதான் இருக்கும், சாப்பாட்டு நேரத்துல பேசுங்க, சேந்து போய் சூப்பர்வைசர்கிட்ட "ரெண்டு ஸ்டூல் போடுங்கண்ணே, மாத்தி மாத்தி உக்காந்துக்கிறோம்"னு கேளுங்க. நடக்கலைனா தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு குடுக்கலாம். ஸ்டூல் வர்ற வரைக்கும் ஒரு வேலை பண்ணுங்க, பொடவை விரிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கும்போதே கவுண்ட்டருக்கு அடியில குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க, ஒரு தடவைக்கு பதினஞ்சு. வெளிய யாருக்கும் தெரியாது, கெண்டைக்கால் பம்பு ஓடும். ஒரு கஸ்டமருக்கு ஒரு செட்டுனு வச்சுக்கிட்டா முகூர்த்த சீசன்ல எண்ணிக்கையே மறந்துபோகும்.

வவுச்சர் தேதி மாசக் கடைசியோட முடியுதுங்கிறீங்க, ஸ்கேன் ரிசல்ட் வர லேட்டாகலாம். தங்கச்சிக்கு போன் போட்டு ஒரு மாசம் தள்ளி வாங்கச் சொல்லுங்க, கேட்டா பல எடத்துல தள்ளிக் குடுப்பாங்க.