பிங் நன்றாக வருகிறது, ஆனால் கிகாபிட் ஸ்விட்ச் வழியாக ஃபைல் காப்பி மட்டும் மெதுவாக இருக்கிறது. எந்த டூல் வைத்துச் சோதிப்பது?

பிங்கை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்க அது அனுப்புவது நொடிக்கு ஒரு சின்ன பாக்கெட். கோளாறோ லோடு (டேட்டா போக்குவரத்து) ஏறினால்தான் தலைகாட்டும். அதிலும் ஸ்விட்சின் சொந்த ஐபி-க்கே பிங் அடித்துப் பார்ப்பதில் பயனில்லை. அந்தப் பதிலைத் தருவது ஸ்விட்சின் சிபியு. டேட்டாவைக் கடத்துவது வேறொரு சிப். சிபியு வேறு வேலையில் மூழ்கியிருந்தால் பிங் தாமதமாகும், போர்ட்டுக்குப் போர்ட் டேட்டா அப்போதும் முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அடிப்பதானால் ஸ்விட்சுக்கு மறுபக்கம் உள்ள கணினிக்கு அடியுங்கள்.

வேலை இவ்வளவுதான்: லோடு கொடுக்க வேண்டும், அதே சமயம் எந்தப் போர்ட்டில் எந்தக் கவுன்ட்டர் (பிழைகளையும் இழப்புகளையும் ஸ்விட்ச் எண்ணி வைக்கும் கணக்கு) ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். வேக டெஸ்ட் தரும் எண் மெதுவாக இருப்பதை உறுதிசெய்யும். எங்கே, ஏன் என்பதைக் கவுன்ட்டரைக் கேட்டால்தான் தெரியும்.

லோடுக்கு ஐபெர்ஃப்3 என்ற நெட்வொர்க் வேகச் சோதனை மென்பொருள் போதும். ஒரு கணினியில் சர்வர் மோடு, இன்னொன்றில் கிளையன்ட் மோடு, 30 நொடி ஓட்டம். சர்வர் பக்க ஃபயர்வாலில் 5201 போர்ட் (கேபிள் செருகும் போர்ட் அல்ல, மென்பொருள் பயன்படுத்தும் எண்) திறந்திருக்க வேண்டும். முதலில் இரண்டு கணினியையும் ஒரே ஸ்விட்சில் பக்கத்துப் போர்ட்டுகளில் செருகி ஓட்டிப் பாருங்கள். எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500 பைட் உள்ள கிகாபிட் லிங்க்கில் டிசிபி (வந்து சேர்ந்ததை உறுதிசெய்தபடி அனுப்பும் முறை) 940 எம்பிபிஎஸ் வாக்கில் வரும். முழு 1000 வராது. பாக்கெட்டின் முகப்பில் சேரும் முகவரித் தகவலான ஹெடர்களும், ஃப்ரேம்களுக்கு (கேபிளில் போகும் டேட்டாப் பொதிகளுக்கு) நடுவே விடும் இடைவெளியும் மீதியை எடுத்துக்கொள்ளும். 94 வந்தால் எங்கோ 100 எம்பிபிஎஸ்-இல் லிங்க் ஆகியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அடுத்து ரிவர்ஸ் ஆப்ஷன் போட்டு எதிர்த்திசையிலும் ஓட்டுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஒரு திசையில் மட்டும் அடிவாங்கும் கோளாறு அதனால் தப்பிவிடும். யுடிபி (வந்து சேர்ந்ததை உறுதிசெய்யாமல் அனுப்பும் முறை) டெஸ்ட் என்றால் பேண்ட்வித்தை (அனுப்பும் வேகத்தை) நீங்களே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஐபெர்ஃப்3 வெறும் 1 எம்பிபிஎஸ்தான் அனுப்பும். அதைப் பார்த்து ஸ்விட்சையே மாற்றிவிடாதீர்கள்.

இனி கவுன்ட்டர். சிஸ்கோ வகை ஸ்விட்சில் 'கிளியர் கவுன்ட்டர்ஸ்' கொடுத்துப் பூஜ்யமாக்கிவிட்டு ஐபெர்ஃப் ஓட்டுங்கள், பிறகு 'ஷோ இன்டர்ஃபேஸஸ்' பாருங்கள். எப்போதோ ஏறிய பழைய எரர்களுக்கு மதிப்பில்லை. இந்த 30 நொடியில் ஏறியதுதான் கணக்கு.

சிஆர்சி (ஃப்ரேம் கெட்டு வந்ததைக் காட்டும் பிழைக் கணக்கு) ஏறினால், அந்தப் போர்ட்டுக்குள் வரும் ஃப்ரேம்கள் வழியில் கெடுகின்றன: கேபிள், கனெக்டர், எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் டிரான்ஸீவர் மாட்யூல்), அல்லது எதிர்முனையின் போர்ட். ஒரு விதிவிலக்கு உண்டு. கட்-த்ரூ முறையில் இயங்கும் ஸ்விட்ச், ஃப்ரேம் கெட்டது என்று தெரிவதற்குள் அதை அடுத்த போர்ட்டுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். அப்போது சிஆர்சி ஏறுவது ஓரிடம், கோளாறு இரண்டு ஸ்விட்ச் தள்ளி. ஃப்ரேம் வந்த வழியே பின்னோக்கிப் போய்த் தேட வேண்டும்.

பிங் சரி, காப்பி மட்டும் படுமந்தம் என்ற உங்கள் அறிகுறிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது டூப்ளெக்ஸ் பொருத்தமின்மை: ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் (ஃபுல்), மறுமுனை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்யும் (ஹாஃப்). ஒரு முனையில் யாரோ 100 ஃபுல் என்று கையால் செட் செய்திருப்பார்கள், மறுமுனை ஆட்டோவில் (எதிர்முனையோடு தானே பேசி முடிவுசெய்யும் நிலை) இருக்கும். ஆட்டோ முனையால் வேகத்தைக் கண்டுபிடிக்க முடியும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஹாஃபுக்கு இறங்கிவிடும். இரண்டு முனையையும் பார்த்தால் குட்டு வெளிப்படும்: ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமாகத் தெரியும் மோதல்), ஃபுல் பக்கம் சிஆர்சியும் ரன்ட்டும் (அறுந்துபோன குட்டி ஃப்ரேம்). இரண்டையும் ஆட்டோவுக்கு மாற்றுங்கள். காப்பர் கிகாபிட்டுக்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம்.

இரு முனையும் ஆட்டோவில் இருந்தும் 100-இலேயே நின்றால், எட்டு கம்பிகளில் ஒன்று போயிருக்கலாம். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். ஸ்விட்சில் டிடிஆர் (சிக்னல் அனுப்பி அதன் எதிரொலியால் கேபிளைச் சோதிக்கும்) வசதி இருந்தால் எந்த ஜோடி, சுமார் எத்தனை மீட்டரில் ஓப்பன் அல்லது ஷார்ட் என்று காட்டும். சோதனையின்போது லிங்க் விழக்கூடும் என்பதால் வேலை நேரத்தில் அப்லிங்க்கில் (மற்ற ஸ்விட்ச் அல்லது ரவுட்டருக்குப் போகும் இணைப்பில்) கை வைக்காதீர்கள். ஃபைபர் என்றால் டிரான்ஸீவர் விவரத்தில் ரிசீவ் பவரை (வந்து சேரும் ஒளியின் அளவை), பக்கத்திலேயே காட்டும் எச்சரிக்கை வரம்போடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் முதலில் கனெக்டரைச் சுத்தம் செய்யுங்கள்.

சிஆர்சி பூஜ்யம், அவுட்புட் டிராப்ஸ் (வெளியே அனுப்ப இடமில்லாமல் ஸ்விட்ச் கைவிட்ட பாக்கெட்டுகள்) மட்டும் ஏறுகிறது என்றால் கேபிளை விட்டுவிடுங்கள், அது நெரிசல். "போர்ட்டில் 20 சதவீதம்தானே லோடு" என்பார்கள். அது 5 நிமிட சராசரி. 10 ஜி சர்வர் ஒன்று 1 ஜி கிளையன்ட்டுக்கு முழு வேகத்தில் தள்ளும்போது நொடிக்கு 9 ஜிகாபிட் தேங்கும். 1 எம்பி பஃபர் (காத்திருக்கும் டேட்டாவை வைக்கும் நினைவகம்) ஒரு மில்லிசெகண்டுக்குள் நிரம்பிவிடும். சராசரியில் இந்த வெடிப்பு தெரியவே தெரியாது. லோடு இன்டர்வலை (சராசரி எடுக்கும் கால அளவை) 30 நொடிக்குக் குறைத்தாலும் ஓரளவுதான் தெரியும், ஆகவே டிராப் கவுன்ட்டரையே நம்புங்கள்.

போர்ட் மிரர் போட்டு (ஒரு போர்ட்டின் டேட்டாவை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்து) வயர்ஷார்க் என்ற பாக்கெட் பதிவு மென்பொருளில் பார்ப்பவர்களுக்கு ஒன்று: கிகாபிட் போர்ட்டின் இரு திசையும் சேர்ந்தால் 2 ஜிபிபிஎஸ் வரை போகும், மிரர் போர்ட்டோ 1 ஜிபிபிஎஸ்தான். கேப்ச்சரில் காணாமல்போன பாக்கெட் நெட்வொர்க்கிலும் காணாமல் போயிருக்க வேண்டியதில்லை.

மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்ளே நுழைந்து கவுன்ட்டர்களைப் பார்க்கக்கூடியது) இல்லையென்றால் கணினியின் நெட்வொர்க் கார்டு கவுன்ட்டர்தான் கதி. லினக்ஸில் ஈத்டூல் கட்டளை, விண்டோஸில் பவர்ஷெல் காட்டும். கேபிள், போர்ட் என ஒவ்வொன்றாக மாற்றி மறுபடி ஓட்டுங்கள்; இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

இரு திசையிலும் 940 வந்து, கவுன்ட்டர்களும் அசையாமல் இருந்தால் ஸ்விட்சை விட்டு நகருங்கள். ஐபெர்ஃப் டேட்டாவை மெமரியிலிருந்து மெமரிக்கு அனுப்புகிறது, டிஸ்க்கைத் தொடுவதில்லை. ஒரே பெரிய ஃபைலைக் காப்பி செய்யுங்கள், பிறகு அதே அளவுக்கு ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை. முதலாவது வேகமாகப் போய் இரண்டாவது ஊர்ந்தால், ஒவ்வொரு ஃபைலையும் திறந்து மூடும் நேரம்தான் காரணம். இரண்டுமே மெதுவென்றால் டிஸ்க்கைச் சோதியுங்கள்.