உபேட்சை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். வயது 38. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவி மருத்துவமனையில் செவிலியர். மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. ஒரே பெண், நாலாவது படிக்கிறாள்.

எனக்குக் கோபம் அதிகம். அதனாலேயே வீட்டில் அடிக்கடி சண்டை வரும். எட்டு மாதத்துக்கு முன் நண்பர் ஒருவர் சொல்லி, மொபைல் செயலி வழியாகத் தியானம் கற்றுக்கொண்டேன். தினமும் விடியற்காலை கடற்கரைச் சாலையில் காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்து இருபது நிமிடம் மூச்சைக் கவனிக்கிறேன். கோபம் நன்றாகக் குறைந்துவிட்டது. அவள் கத்தினாலும் மூச்சைக் கவனித்துக்கொண்டு அமைதியாக இருந்துவிடுகிறேன். ஆறு மாதமாகச் சண்டையே இல்லை.

போன வாரம் அவள் சொன்னாள்: "முன்னாடி சண்டையாவது போடுவீங்க. இப்ப பக்கத்துல ஒரு ஆள் இருக்கற மாதிரியே இல்ல." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் மாறியதே அவளுக்காகத்தானே? பௌத்தம் பற்றை விடச் சொல்கிறது. பற்றில்லாமல் மனைவியை எப்படி நேசிப்பது? இரண்டும் ஒத்துப்போகுமா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் நீளமானது. சுருக்கி, அடையாளம் தெரியக்கூடியதை எடுத்துவிட்டுப் போட்டிருக்கிறேன். சுருக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. மூச்சைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மூக்கு நுனியில் படும் குளிர்ச்சி, வயிறு ஏறி இறங்குவது, எத்தனையாவது மூச்சில் மனம் ஓடிப்போகிறது என்பது வரை எல்லாம் இருக்கிறது. உங்கள் மனைவி எந்த வார்டில் வேலை பார்க்கிறார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதிலே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கோபம் அடங்கியது சின்ன விஷயமில்லை. உங்கள் பெண் ஆறு மாதமாகச் சண்டைச் சத்தம் கேட்காமல் தூங்குகிறாள். அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் கோபம் போவதும் அன்பு வருவதும் ஒரே காரியமில்லை. கிணற்றில் தூர் வாரியாயிற்று, ஊற்றுக்கண் திறந்ததா என்று இன்னும் யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

செயலியைத் திட்டிப் பயனில்லை, அது வந்த வழி அப்படி. 1979-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காகப் பௌத்தத் தியானத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து எட்டு வாரப் பயிற்சியாக்கினார். வலி அவரவர் உடம்பில் இருப்பது. ஆகவே பார்வையும் உள்ளே போயிற்று. மருத்துவமாக அது சரிதான். இன்றைக்கு மொபைலில் கிடைப்பதில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததே. முதுகுவலிக்காரருக்கு எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு குடும்பத்துக்கு மருந்து வாங்கினால் கொஞ்சம் இடிக்கத்தானே செய்யும்?

மூலத்தில் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. இந்தப் பயிற்சிக்கெல்லாம் தாய் சதிபட்டான சுத்தம். (பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் சுத்தம் என்றால் புத்தரின் போதனை, சதி என்றால் நினைவு, மறவாமை. நம் டிவி சீரியல்களில் நடக்கும் சதி வேறு.) உடல், நுகர்வு (உணர்ச்சி), மனம், தம்மங்கள் (மனத்தில் எழும் விஷயங்கள்) என்று நான்கைக் கவனிக்கச் சொல்கிறது அது. ஒவ்வொரு பகுதி முடிவிலும் பல்லவி போல ஒன்று திரும்பத் திரும்ப வரும்: உள்ளே பார், வெளியே பார், உள்ளும் வெளியும் சேர்த்துப் பார். வெளியே என்றால் பிறருடைய உடல், பிறருடைய நுகர்வு, பிறருடைய மனம் என்றுதான் பழைய உரை பொருள் சொல்கிறது. நீங்கள் செய்துகொண்டிருப்பது மூன்றில் ஒரு பங்கு.

புத்தர் போதனைகளின் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில், இதே சதிபட்டானத்தைப் பற்றிய பகுதியில், ஒரு கழைக்கூத்தாடி கதை உண்டு. குரு தன் சீடப்பிள்ளையை மூங்கிலில் ஏற்றித் தன் தோள்மேல் நிறுத்திக்கொண்டு சொல்கிறார்: "நீ என்னைப் பார்த்துக்கொள், நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன். வித்தை காட்டிக் காசு வாங்கிப் பத்திரமாக இறங்கிவிடலாம்." சீடப்பிள்ளை, "அது சரிப்படாது குருவே. நீங்கள் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் என்னைப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறது. புத்தர் அதுதான் முறை என்கிறார். உங்கள் செயலியாக இருந்தால் கதையை இங்கேயே நிறுத்திவிடும். புத்தர் மேலே போகிறார். தன்னைக் காப்பதால் பிறரைக் காக்கிறான், பிறரைக் காப்பதால் தன்னையும் காக்கிறான் என்கிறார். பிறரை எதனால் காப்பது? பொறுமையால், தீங்கு செய்யாமையால், மைத்திரி என்கிற நட்புணர்வால், பரிவால்.

சின்ன வயதில் கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) கடைத்தெருவில் கழைக்கூத்து பார்த்திருக்கிறேன். கயிற்றில் நடக்கிற பெண் கீழே பார்க்கவே மாட்டாள். கண் எதிர்க்கழையின் முனையில் இருக்கும். ஆனால் கீழே மேளம் அடிக்கிற அப்பாவின் கை ஒரு தாளம் தப்பினால் அவள் கால் அந்தரத்தில் நின்றுவிடும். அவரும் அண்ணாந்து பார்த்தபடிதான் அடிப்பார். கூட்டத்தில் காசு விழுகிற பக்கம்கூடத் திரும்பமாட்டார்.

சரி, பற்றுக்கு வருகிறேன். இதற்குப் பாலிக்குப் போக வேண்டாம், நம் மணிமேகலையே போதும். துன்பம் எப்படித் தொடர்ந்து வருகிறது என்பதற்கு அதில் பன்னிரண்டு கண்ணிகள் வரிசையாக வரும். நடுவில் உள்ளவற்றைப் பாருங்கள்: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. (நுகர்வு என்றதும் நுகர்வோர் நீதிமன்றம் ஞாபகம் வரக்கூடாது. இங்கே அது இன்பம், துன்பம், இரண்டுமில்லாதது என்று உடம்பிலும் மனத்திலும் படுகிற சுவை.)

வீட்டுக்குள் நுழைகிறீர்கள். "இன்னைக்கும் பால் வாங்கலையா?" என்கிறார் மனைவி. அது காதில் விழுவது ஊறு. காதுமடல் சூடாகி நெஞ்சில் ஒரு கசப்பு இறங்குகிறதே, அது நுகர்வு. "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா" என்று நாக்கு நுனியில் நிற்பது வேட்கை. "நான்தான் சரி" என்பதைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் முகம் கொடுக்காமல் திரிவது பற்று. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே மயிரிழை அளவு ஒரு இடம் இருக்கிறது. எட்டு மாதம் உட்கார்ந்ததில் அந்த இடம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. பலருக்கு ஆயுளுக்கும் கிடைக்காது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்றால், அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அமைதியும் ஒரு நுகர்வுதான், அதுவும் இனிப்பான நுகர்வு. "நான் அமைதியானவன், கத்துவது அவள்" என்ற நினைப்பு மெல்ல வந்து ஒட்டிக்கொள்ளும். விட வேண்டிய பற்று இது. மனைவிமேல் உள்ள அன்பை விடச் சொன்னது யார்?

நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். 2011 டிசம்பர் 30 விடியற்காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டில் ஓடு பறந்ததோடு சரி. பண்ருட்டிப் பக்கம் மாமனாரின் தோப்பில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்துவிட்டன. பாதை திறந்ததும் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து, விரல் இடுக்குகளில் ஒட்டியிருந்த பலாப்பாலைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டே, எந்தெந்த மரம் விழுந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிணற்றடி மரம், அவள் தம்பி விழுந்து கை உடைத்துக்கொண்ட மரம், வருஷத்துக்கு நாலே காய் காய்த்தாலும் சுளை தேனாக இருக்கும் ஒரு மரம். நான் அப்போது தியானத்தில் ரொம்பத் தீவிரம். பதறவில்லை, உச்சுக்கொட்டவும் இல்லை. எல்லாம் நிலையாமை என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு, நிதானமான குரலில், "மரத்துக்கு எவ்வளவு நிவாரணம் தருவாங்களாம்?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. பால் போன பிறகும் ரொம்ப நேரம் விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் புத்திக்கு எட்டவில்லை.

அன்றைக்கு என்னிடம் இருந்ததற்குப் பெயர் உண்டு. பௌத்தம் உறவுகளுக்காகச் சொல்கிற மனநிலைகள் நான்கு: மைத்திரி, கருணை, முதிதை, உபேக்கா. நட்பு, பிறர் துயரில் இளகுதல், பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சாயாத நடுநிலை. ஐந்தாம் நூற்றாண்டில் விசுத்திமக்கம் என்ற பௌத்தப் பயிற்சி நூலை எழுதிய புத்தகோசர், நம் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர், இந்த ஒவ்வொன்றுக்கும் தூரத்துப் பகை ஒன்று, பக்கத்துப் பகை ஒன்று என்று சொல்கிறார். மைத்திரிக்குத் தூரத்துப் பகை வெறுப்பு. அது வந்தால் தெரிந்துவிடும். பக்கத்துப் பகை ஆசை, அன்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். உபேக்காவுக்குப் பக்கத்துப் பகை, ஒன்றும் அறியாத அக்கறையின்மை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம்.

உபேக்கா என்ற இதே சொல் வடமொழி வழியாகத் தமிழுக்கு உபேட்சையாக வந்தது. அகராதியைப் புரட்டிப் பாருங்கள், அலட்சியம், புறக்கணிப்பு என்றுதான் போட்டிருக்கும். சொல்லே போகிற வழியில் பக்கத்துப் பகையிடம் மாட்டிக்கொண்டது. உங்கள் மனைவி விசுத்திமக்கம் படித்திருக்க மாட்டார். ஆனால் உங்களிடம் இருப்பது உபேக்காவா உபேட்சையா என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். உங்கள் தியானத்துக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

பௌத்தத்தில் காதல் கதை இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு நான் நகுலமாதாவைச் சொல்வது வழக்கம். கணவர் நகுலபிதா சாகக் கிடக்கிறார். அவள் அருகில் உட்கார்ந்து, கவலையோடு சாகாதீர்கள் என்கிறாள். அதோடு விட்டிருந்தால் நாமெல்லாம் சொல்கிற ஆறுதலாகிப் போயிருக்கும். அவர் மனதில் எதெது ஓடும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் எடுத்து எதிரே வைக்கிறாள். பிள்ளைகளை இவள் எப்படிக் காப்பாற்றுவாள் என்று நினைப்பீர்கள், எனக்குப் பஞ்சு நூற்கத் தெரியும், குடும்பத்தை நடத்திவிடுவேன் என்கிறாள். வேறு வீட்டுக்குப் போய்விடுவாளோ என்று நினைப்பீர்கள், போகமாட்டேன் என்கிறாள். கேட்கக் கேட்க அவருக்கு நோய் தணிகிறது. பிறகு கோலூன்றிப் போய்ப் புத்தரைப் பார்க்கிறார். இப்படி ஒரு மனைவி கிடைத்தது உனக்குப் பேறு என்கிறார் புத்தர். இன்னொரு சுத்தத்தில் இதே தம்பதி, அடுத்த பிறவியிலும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும் என்று அவரிடம் கேட்கிறார்கள். துறவி ஆயிற்றே, திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நம்பிக்கையிலும் ஒழுக்கத்திலும் ஈகையிலும் அறிவிலும் இருவரும் சமமாக இருங்கள், பார்ப்பீர்கள் என்கிறார்.

நகுலமாதா செய்ததுதான் வெளியே பார்ப்பது. எதிரில் இருப்பவர் எதை நினைத்துப் பயப்படுகிறார் என்று தெரிந்துவைத்திருப்பது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை இல்லை.

அடுத்த முறை அவர் குரல் உயரும்போது மூச்சுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மூச்சு, அதிகம் போனால் இரண்டு. காதுமடல் சூடு தெரிந்தால் போதும். உடனே வெளியே வந்து அவர் முகத்தைப் பாருங்கள். நைட் டூட்டி முடித்து வந்தவர் கால் எப்படி இருக்கிறது, வீங்கியிருக்கிறதா, செருப்பை எப்படிக் கழற்றுகிறார். அப்புறம் ஏதாவது சொல்லுங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, மௌனத்துக்கு அது தேவலை. நல்ல பேச்சுக்கு ஐந்து இலக்கணம் சொல்லும்போது புத்தர் காலத்தை முதலில் வைத்தார். உண்மை, மென்மை, பயன், நல்லெண்ணம் எல்லாம் அதற்குப் பின்னால்தான். ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்தவரிடம் வாசலிலேயே தத்துவம் பேசக்கூடாது என்பது என் உரை.

ஒரு எச்சரிக்கை, இது உங்களுக்கு இல்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு. அடியும் அவமானமும் உள்ள வீட்டில் இருப்பவர்கள் இதை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுமை பழக வேண்டாம். கழையிலிருந்து தள்ளிவிடுகிற ஆளோடு வித்தை காட்ட முடியாது. முதலில் வெளியே வாருங்கள். பெண்கள் 181-க்குக் கூப்பிடலாம்.

ம., உங்கள் மனைவி வீடு திரும்பும்போது நீங்கள் கடற்கரையிலிருந்து வந்திருப்பீர்கள் அல்லவா? எந்த வார்டு என்று கேளுங்கள். ராத்திரி எப்படிப் போனது என்று கேளுங்கள். தூக்கம் வருகிறது என்றால் விட்டுவிடுங்கள். சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம். வரும் வழியில் பால் வாங்கிக்கொண்டு போங்கள்.