சிவப்பு ஜூலியஸ், பச்சை புரூட்டஸ், நீல சிப்பியோ

கேள்வி: ‘ரோம்: டோட்டல் வார்’ கணினி விளையாட்டில் ஜூலி, புரூட்டி, சிப்பி என்று மூன்று குடும்பங்கள், நாலாவதாக செனட் என்ற மூத்தோர் சபை. நிஜ ரோமிலும் குடும்பத்துக்கு ஒரு படை, ஒரு நிறம், ஆளுக்கு ரெண்டு ஊர் என்றுதான் இருந்ததா சார்?
– கல்லூரி மாணவர், தேனி

பதில்: இல்லை தம்பி. 2004-ல் வந்த ஆட்டம். புரூட்டிகளின் பச்சைக் கொடியோடு கிரேக்கத்துக்குள் புகுந்து நானும் பல ராத்திரிகளைத் தொலைத்திருக்கிறேன். ஆனால் கிரேக்கத்தைப் பிடித்ததில் புரூட்டஸ்களுக்குப் பங்கே இல்லை. கி.மு. 197-ல் ஃபிளமினினஸ், 168-ல் பவுலஸ், 146-ல் கொரிந்தை எரித்த மும்மியஸ், எல்லாருமே வேறு வேறு குடும்பம்.

ஆட்டம் தொடங்குவது கி.மு. 270-ல். ஜூலிகளுக்கு அரிமினம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே ரோமானியர் குடியேற்றம் அமைத்ததே 268-ல்தான். சிப்பிகளுக்கு மெசானா, அது 264 வரை மாமர்டைன் என்ற கூலிப்படைக் கும்பலின் கையில் இருந்த ஊர். ஜூலியஸ் குடும்பம் பழம்பெருமை உள்ளதுதான், ஆனால் 267-ல் ஒருவர் ரோமின் உச்சப் பதவியான கான்சல் ஆன பிறகு அடுத்தவர் அந்தப் பதவிக்கு வர 157 ஆகிவிட்டது. சீசர் என்ற பெயரின் வெளிச்சம் பின்னோக்கியும் அடித்துவிட்டது, அவ்வளவுதான்.

படை எந்தக் குடும்பத்தின் சொத்தும் அல்ல. வருஷத்துக்கு இரண்டு கான்சல்கள், தேர்தலில் ஜெயித்து வருவார்கள். எந்தெந்தப் போர்முனை என்பது செனட்டில் முடிவாகும், அதில் யாருக்கு எது என்பது பெரும்பாலும் சீட்டுக் குலுக்கலில். வருஷம் முடிந்து செனட் நீட்டிப்புக் கொடுத்தால் தொடரலாம். இல்லையா, படையை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

கேள்வி: என் பையன் ஆடும்போது பார்க்கிறேன். ‘அந்தத் துறைமுகத்தை மறி, இந்த ஊரைப் பிடி’ என்று செனட் ஓயாமல் வேலை ஏவுகிறது. இதுவும் கற்பனையா?
– வங்கி ஊழியர், சேலம்

பதில்: மேடம், ஆட்டத்திலேயே உண்மைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது இதுதான். தலைவரைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லி ஓலை வருவது மட்டும் ஆட்டத்தை உருவாக்கியவர்களின் கைச்சரக்கு.

கி.மு. 205-ல் கான்சலான சிப்பியோ, நேரே ஆப்பிரிக்காவுக்குப் போய் ரோமின் எதிரியான கார்த்தேஜை அடிக்கிறேன் என்றார். கார்த்தேஜின் தளபதி ஹானிபால் இன்னும் இத்தாலியில் உட்கார்ந்திருக்கும்போது அது என்ன அவசரம் என்று செனட்டில் கிழவர் ஃபாபியஸ் குறுக்கே நின்றார். கடைசியில் செனட் சொன்னது: சிசிலி உனக்கு, நாட்டுக்கு நல்லது என்று பட்டால் ஆப்பிரிக்காவுக்குக் கடல் தாண்டலாம், புதிதாக ஆள் பிடிக்க மட்டும் அனுமதி இல்லை. ‘போ, ஆனால் போகாதே’ என்ற இந்த மாதிரி உத்தரவைப் பார்க்க அரசு அலுவலகத்தில் வேலை செய்திருக்க வேண்டும்!

சிப்பியோ தொண்டர்களைத் திரட்டினார். சுமார் 7,000 பேர் சேர்ந்தார்கள். இத்தாலியின் எட்ருஸ்கன் இனத்து ஊர்கள் பொருளாகக் கொடுத்தன. பொப்புலோனியா இரும்பு, தர்குவீனியா பாய்மரத் துணி. அரேட்டியம் 3,000 கேடயம், 3,000 தலைக்கவசம், எறியீட்டி முதலான ஆயுதங்கள் 50,000. மரம் காட்டிலிருந்து வந்து 45-ம் நாள் 30 கப்பல்கள் கடலில் இறங்கின என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். உங்கள் பையனிடம் கேளுங்கள்: ஆட்டத்தில் அரேட்டியம் யாருடைய ஊர்? ஜூலிகளுடையது. நிஜத்தில் அது நீலக் கட்சியான சிப்பியோவுக்கு ஆயுதம் வார்த்துக் கொடுத்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் ஆப்டிமேட்ஸ், பாப்புலாரெஸ் என்ற இரண்டு கட்சிகள்தான் நிஜமா?
– பட்டயக் கணக்காளர், கோவை

பதில்: கட்சி என்றால் உறுப்பினர், தலைமை, சின்னம் வேண்டாமா? அவை எதுவும் இல்லை. செனட்டைப் பிடித்துக்கொண்டு அரசியல் செய்தவர்கள், மக்கள் மன்றத்தைப் பிடித்துக்கொண்டு செய்தவர்கள் என்று சொல்லலாம். ஒரே ஆள் காலையில் அது, மாலையில் இது.

குடும்பம் என்பது அணி ஆகாது என்பதற்கு கி.மு. 133-ஐப் பாருங்கள். நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்த டைபீரியஸ் கிராக்கஸ், ஹானிபாலை வென்ற சிப்பியோவின் மகள் வயிற்றுப் பேரன். அவரை அடக்க வன்முறை கூடாது என்று அந்த வருஷக் கான்சல் மறுத்ததும், ‘நாட்டைக் காக்க நினைப்பவர்கள் என்னோடு வாருங்கள்’ என்று டோகா என்ற மேலாடையின் ஓரத்தைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பியவர் சிப்பியோ நாசிகா. அவரும் ஹானிபாலை வென்ற அதே சிப்பியோவின் இன்னொரு மகள் பிள்ளை. நம் முறைப்படி பெரியம்மா மகன், அண்ணன்! உடைந்த பெஞ்சுக் கால்களாலேயே டைபீரியஸை அடித்துக் கொன்றார்கள். அப்போது ஸ்பெயினில் நுமான்டியா நகரை முற்றுகையிட்டிருந்தவர் டைபீரியஸின் சகோதரி கணவர், அவரும் ஒரு சிப்பியோ. செய்தி கேட்டதும், இப்படிச் செய்பவன் இப்படியே அழியட்டும் என்று கிரேக்கக் கவி ஹோமரின் வரியைச் சொன்னாராம்.

நீல நிறத்துக்குள்ளேயே இத்தனை ரத்தம். இதை எந்த ஆட்டத்தில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: அதே ஆட்டத்தில் எகிப்தியர்கள் பாரோ காலத்துத் தேரில் வருகிறார்களே?
– ‘பழைய ஆட்டக்காரன்’, மதுரை

பதில்: ஆயிரம் வருஷம் லேட். கி.மு. 270-ல் அலெக்ஸாந்திரியாவில் ஆண்டவர் இரண்டாம் தாலமி; மாசிடோனிய வம்சம், கிரேக்கம் பேசும் அரசவை, நீள ஈட்டிப் படை.