கரை இல்லாமல் கடல் வாழ்க்கை இல்லை: வாசகர் கேள்வி – பதில்

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், பாலக்கோடு

ஐயா, கரையில் காலே வைக்காமல் கடலிலேயே பிறந்து கடலிலேயே சாகும் மக்கள் இருக்கிறார்கள் என்று செல்போனில் ஒரு வீடியோ வந்தது. எங்க வீட்டுக்காரர் பரிசல் ஓட்டுகிறவர். "தண்ணியிலயே எப்படிக் குடும்பம் நடத்துறது?" என்று கேட்கிறார். உண்மையா?
– வாசகி, ஊட்டமலை, ஒகேனக்கல்

படகில் குடும்பம் நடத்தியது உண்மை அம்மா. கரையில் கால் வைக்கவே மாட்டார்கள் என்பதுதான் கட்டுக்கதை. குடிதண்ணீர், விறகு, படகுக்கு மரம் எல்லாம் கரையில்தான் கிடைக்கும். மலேசியாவின் சபா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவின் சுலவேசிப் பக்கம் இப்படிக் கடலை நம்பி வாழும் பஜாவ் மக்களுக்கு முக்கியமான சாப்பாடு மரவள்ளி, நம்மூர்க் குச்சிக்கிழங்குதான். மீனைக் கொடுத்துக் கிழங்கு வாங்குவார்கள். யாராவது இறந்துபோனால் அதற்கென்றே இருக்கும் தீவுக்குக் கொண்டுபோய் மண்ணில்தான் புதைப்பார்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், மோக்கன் மக்களின் படகைப் பற்றிச் சொல்கிறேன். மியான்மரின் மெர்குய் தீவுகளிலும் தாய்லாந்தின் சுரின் தீவுகளிலும் வாழ்கிறவர்கள் இவர்கள். படகின் பெயர் கபாங். பெரிய மரத்தைக் குடைந்து, நெருப்புக் காட்டி அகலப்படுத்தி அடிப்பாகம் செய்வார்கள். பக்கச்சுவரை ஒருவகை முள் பனையின் லேசான தண்டுகளை அடுக்கி எழுப்புவார்கள். முன்னும் பின்னும் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும். முங்கி எழுகிறவர் அதில் கால் வைத்து ஏறிக்கொள்ளலாம். முன்வெட்டுக்குப் பெயர் வாய். படகுக்கு வயிறும் உண்டு, விலாவும் உண்டு. அதாவது அவர்கள் கணக்கில் அது ஓர் ஆள். உள்ளேயே அடுப்பு எரியும், குழந்தை தூங்கும். உங்கள் ஊரில் பரிசலுக்குத் தோல் போய் பிளாஸ்டிக் ஷீட் வந்த மாதிரி, அங்கேயும் பனந்தண்டு போய்ப் பலகை வந்துவிட்டது.

வருஷம் முழுக்கவும் அவர்கள் படகில் இருந்ததில்லை. காவிரியில் வெள்ளம் வந்து உங்களுக்குப் பரிசல் ஓட்டத் தடை போடுகிறார்களே, அதே தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில்தான் அவர்களும் காற்று மறைவான கரையில் குடிசை போட்டுத் தங்குவார்கள். காற்று ஓய்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். சங்கு, கடல் அட்டை எடுத்து வியாபாரியிடம் கொடுத்து அரிசி வாங்குவார்கள்.

தண்ணீருக்குள் ரொம்ப நேரம் மூச்சடக்க அவர்களுக்கு மட்டும் எப்படி முடிகிறது? பிறவியிலேயே அப்படியா, பழக்கமா?
– கல்லூரி மாணவர், காரிமங்கலம்

இரண்டும்தான் தம்பி. பஜாவ் மக்களின் மண்ணீரல் பக்கத்து ஊர் விவசாயிகளுடையதைவிடச் சுமார் 50 சதவீதம் பெரிது என்று 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. முங்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை ரத்தத்தில் விடும். முங்கவே போகாத பஜாவ்களுக்கும் அது பெரிதாகவே இருந்தது. ஆகவே அது பரம்பரை. மோக்கன் பிள்ளைகளின் கண் விஷயம் வேறு. தண்ணீருக்குள் கண்ணின் நடுவே இருக்கும் கருமணியை நன்றாகச் சுருக்கி, ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு தெளிவாகப் பார்க்கிறார்கள் என்று 2003-ல் கண்டார்கள். பிறகு ஸ்வீடன் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தால் அவர்களுக்கும் வந்துவிட்டது. இவர்களை "மீன் மனிதர்கள்" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். சின்ன வயதிலிருந்து உழைத்துக் கற்ற தொழில் அது.

இப்போதும் அப்படி வாழ்கிறார்களா? போய்ப் பார்க்க முடியுமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

படகிலேயே வாழ்கிறவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள். நடுக்கடலில் நாட்டு எல்லை வந்தது. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் பலர் நிற்கிறார்கள். சுரின் தீவுகள் 1981-ல் தேசியப் பூங்காவானதால் படகுக்கு மரம் வெட்டவும் வழியில்லை. 2004 சுனாமியில் கடல் உள்வாங்கியதைக் கண்டதுமே, அங்கிருந்த மோக்கன் மக்கள், பெரியவர்கள் கதையாகச் சொல்லி வந்த அலை இதுதான் என்று புரிந்து மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். ஆனால் குடிசைகள் போயின. அதன்பின் எல்லோரையும் ஒரே இடத்தில் நெருக்கமாகக் குடிவைத்தார்கள். 2019-ல் அங்கே தீப்பிடித்தபோது அந்த நெருக்கமே வினையானது.

பார்க்கப் போவதானால் மழைக்காலத்தில் சுரின் பூங்காவை மூடிவிடுவார்கள். சபாவின் செம்போர்னாவில் ஏப்ரல் வாக்கில் பஜாவ்களின் லெப்பா படகுத் திருவிழா நடக்கும். வண்ணப் பாய் கட்டிய படகுகளை அங்கே பக்கத்திலேயே பார்க்கலாம்.